தலைகீழாய்த் தண்ணீர் குடித்தவர்

சின்னவர்களும் கேட்கலாம், பெரியவர்களும் கேட்கலாம். வெகுகாலத்துக்கு முன்பு, கடலோரமாக ஒரு பாலைவன ராஜ்யம் இருந்தது. அங்கே மழையே கிடையாது. விடியற்காலையில் கடலிலிருந்து மூடுபனி வரும். வெயில் ஏறியதும் ஓடிவிடும். மனிதருக்காவது ஆழக் கிணறு இருந்தது. மற்ற ஜீவன்களுக்கு அந்தப் பனிதான் எல்லாம்.

அரண்மனைக்குத் தடம் பார்த்துச் சொல்பவள் பூவாத்தாள். பொழுது விடிந்ததும் மணல்மேட்டைச் சுற்றி வருவாள். "யார் வந்தார், யார் போனார்?" என்று ராஜா கேட்பார். திருடன் முதல் தேள் வரை ஒன்றுவிடாமல் சொல்வாள். அவளுக்கு ரொம்பப் பிடித்த தடம் ஒரு கறுப்பு வண்டினுடையது. அது மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையை மணலில் ஊன்றி, முதுகைத் தூக்கி நிற்கும். பனி முதுகில் துளியாகி, உருண்டு வாய்க்கு வரும். தண்ணீர் குடிக்க அதற்கு வேறு வழி தெரியாது, பாவம்.

ராஜாவுக்குத் தாமரைக் குளம் வேண்டுமாம். கெட்டவர் இல்லை, ஆசைதான் கொஞ்சம் பெரிசு. மலைநாட்டிலிருந்து புகையூதி என்றொரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். செப்புக் குடம் ஒன்றை வைத்து மந்திரம் சொன்னான். மூடுபனி முழுவதும் குடத்துக்குள் அடைந்தது. குடம் கசிந்து குளம் நிறைந்தது.

"யாராவது குடத்தைத் திறந்துவிட்டால்?" என்றார் ராஜா.

"பிறந்தது முதல் தலைகீழாய் நின்றே தண்ணீர் குடித்தவன் வந்து கேட்டால்தான் திறக்கும். அப்படி ஒரு பைத்தியம் எந்த ஊரில் இருக்கிறது, மகாராஜா?"

சபையே சிரித்தது. பூவாத்தாள் அப்போது அங்கே இல்லை.

மறுநாள், "யார் வந்தார், யார் போனார்?"

"வண்டு தள்ளாடித் தள்ளாடி இறங்கியிருக்கிறது, மகாராஜா."

"போகட்டும், பூச்சிதானே."

இரண்டாம் நாள், "யார் வந்தார், யார் போனார்?"

"வண்டைத் தின்கிற பல்லி போய்விட்டது. திரும்பி வந்த தடம் இல்லை."

"போகட்டும், பல்லிதானே."

மூன்றாம் நாள் ராஜா கேட்கும் முன்பே அவள் அழுதுவிட்டாள். "யாரும் வரவில்லை, மகாராஜா. மேடு துடைத்துவிட்டது மாதிரி இருக்கிறது."

ராஜாவுக்குப் பகீரென்றது. "குடத்தைத் திற!" என்றார்.

"நானே நினைத்தாலும் முடியாது" என்று கையை விரித்த புகையூதி, பழைய நிபந்தனையையே திருப்பிச் சொன்னான்.

"அப்படிக் குடிக்கிறவரை எனக்குத் தெரியும்!" என்று பூவாத்தாள் ஓடினாள். முந்தாநாள் தள்ளாடிய தடம் எந்தப் புல் பக்கம் போனது என்பது அவளுக்கு நினைவிருந்தது. அந்தப் புல்லடியில் வண்டு சுருண்டு கிடந்தது.

"அக்கா, தலையை ஊன்றி நின்று பார்த்தேன். ஒரு சொட்டுகூட வரலை. என் முதுகுலதான் ஏதாவது கோளாறா?"

"உன் முதுகுல ஒரு கோளாறும் இல்லடா தம்பி" என்று அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

சபையில் குடத்தின் முன்னால் இறக்கிவிட்டாள். வண்டு தலையை ஊன்றியது, விழுந்தது. மறுபடி ஊன்றியது, விழுந்தது. மூன்றாம் முறை கால் நடுங்க நின்று, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றது.

படாரென்று குடம் பிளந்தது! மூடுபனி சபையெல்லாம் பொங்கி, புகையூதியைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போனது. வண்டின் முதுகில் ஒரே ஒரு துளி. அது உருண்டு வாய்க்குள் போகும்வரை சபையே எட்டி எட்டிப் பார்த்தது.

தாமரைகள் வாடிவிட்டன. ராஜாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் பூவாத்தாளிடம் "என்ன வேண்டுமோ கேள்" என்றார்.

"விடியற்காலையில் மேட்டு உச்சியில் மனிதர் கால் படக்கூடாது, மகாராஜா. என் காலும்தான். நான் கீழே நின்றே பார்த்துக்கொள்கிறேன்."

அப்படியே உத்தரவானது. பல்லியும் மெல்லத் திரும்பி வந்தது. ராஜா இப்போதும் காலையில் கேட்பார். ஆனால் முதல் கேள்வி மாறிவிட்டது.

"பூவாத்தா, அவர் தண்ணீர் குடித்தாரா?"

"குடித்தார், மகாராஜா. தள்ளாடாமல் நேராக நடந்து போயிருக்கிறார்."

அதைக் கேட்ட பிறகுதான் ராஜா தன் செம்பைக் கையில் எடுப்பார். அவரும் சௌக்கியம், இவரும் சௌக்கியம், கேட்ட நாமும் சௌக்கியம்.