கடைமடையில் முரசு

மதகு திறக்கும் நாளுக்கு முதல் நாள், வாய்க்கால் முடியும் கடைமடையில் பயிரிடும் சேந்தன் வெள்ளச்சியின் குடிசைக்கு வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருந்தும் அவளைத்தான் குருவாக வைத்திருந்தார். ஊரில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

ஏரி மதகு திறக்கும்போது முரசு அடிப்பது அவள் குடும்பத்தின் உரிமை. முரசு ஒலிக்கும்வரை மதகு அதிகாரி பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருக்க வேண்டும். அந்த நாட்டின் வழக்கம் அது.

"அரசு என்று ஒன்று யாருக்காக இருக்கிறது, அம்மா?"

"என்ன ஆச்சு, அண்ணே?"

"நாற்றங்கால் வெடித்துவிட்டது. மூன்று நாள் தாங்கினால் அதிகம். நாளைக்கு மதகைத் திறப்பார்கள். நீங்கள் அடிப்பீர்கள். அதிகாரி பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, கடைமடை வரை பாய்ந்தது என்று ஓலை எழுதுவார். தண்ணீர் பாதி வழியிலேயே தென்னந்தோப்புக்குள் போய்விடும். நாலு வருஷமாக இதே கதை. இந்த முறையும் வராவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு எங்காவது போய்விடுவேன்."

"முறையிட்டீர்களா?"

"முறையிட்டேன். பாய்ந்ததாக ஓலையில் இருக்கிறதே என்றார் அதிகாரி."

வெள்ளச்சி எழுந்து முரசின் தூசியைத் தட்டினாள்.

"ஒரு பக்கம் பிடியுங்கள்."

"எங்கே கொண்டு போக?"

"உங்கள் வயலுக்கு."

"வழக்கத்தை மீறலாமா, அம்மா?"

"முரசு ஒலிக்க வேண்டும் என்பது வழக்கம். எங்கே நின்று ஒலிக்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா?"

கடைமடைக்காரர்கள் எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். மூங்கிலில் கட்டி மாறி மாறிச் சுமந்தார்கள். அரைநாள் நடை.

மறுநாள் காலையில் அதிகாரி மதகைத் திறந்தார். பூவைத் தூவினார். இலையில் பொங்கல் ஆவி பறந்தது. சுற்றிலும் பார்த்தார்.

"எங்கே அவள்?"

"கடைமடையில் இருக்கிறாள், ஐயா. தண்ணீர் வந்ததும் அடிப்பாளாம்."

அதிகாரி பொங்கலைப் பார்த்தார். பிறகு குதிரையைக் கொண்டுவரச் சொன்னார்.

தென்னந்தோப்பு அவர் மைத்துனனுடையது. வாய்க்கால் கரையை வெட்டியிருந்த இடத்தில் அவன் சிரித்தபடி நின்றான்.

"வெயிலில் எங்கே, மாமா? ஒரு இளநீர் சாப்பிட்டுப் போங்களேன்."

"இளநீரா? முதலில் இந்த வெட்டை மூடுடா!"

ஆட்கள் மெதுவாக மண் அள்ளினார்கள். அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே இறங்கினார். இப்படியே பதினோரு வெட்டுகள்.

வெயில் சாயும்போது தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக, வாய்க்காலின் வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தது. சேந்தன் மடையைத் திறந்தார். அது அவர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு நாற்றங்காலுக்குள் ஓடியது. அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளச்சி அடித்தாள். நாலு ஊருக்குக் கேட்கும்படி அடித்தாள். கிழவர்களும் பெண்களும் வரப்புகளில் ஓடி வந்தார்கள். யாரோ ஆடத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் ஆடினார்கள்.

அதிகாரி குதிரையிலிருந்து சரிந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு. வாய்க்கால் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். ஒருத்தி கூழ் கொடுத்தாள். மூன்று கலயம் குடித்துவிட்டு, வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டார்.

"நாலு வருஷத்து விருந்து, ஐயா. நன்றாகச் சாப்பிடுங்கள்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சேந்தன் ஈர வேட்டியோடு வெள்ளச்சியின் அருகில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, இவர் நமக்காக வரவில்லை. பசிக்காக வந்திருக்கிறார்."

"ஆமாம், அண்ணே. அடுத்த வருஷமும் அவருக்குப் பசிக்கும்" என்றாள் வெள்ளச்சி.