மரங்கொத்தி எதைத் தேடுகிறது?

பறவையும் மனிதனும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மரங்கொத்தி மரத்தைக் கொத்தியதே இல்லை. பூச்சிக்காகத்தான் கொத்துகிறது என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எறும்பு அதற்குத் தரையிலேயே கிடைத்தது. கூடும் வீட்டுக் கூரையில்தான்.

சங்கிலி என்ற தச்சன் வீட்டுக் கூரையில் ஒரு மரங்கொத்தி குடியிருந்தது. கூட்டில் ஒரே முட்டை. கீழே சங்கிலியின் மனைவி பூரணம் நிறைமாதமாக இருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவன் தொட்டில் செய்துகொண்டிருந்தான். பெரிய வீட்டுத் தொட்டிலில் தந்தத்தால் பூவும் கிளியும் பதிப்பார்கள்; தந்தத்துக்கு அவன் எங்கே போவான்? பலகையில் பள்ளம் குடைந்து, அடுப்படியில் கிடைத்ததையெல்லாம் பதித்தான். தேங்காய்ச் சிரட்டைத் துண்டு யானையானது. பூரணத்தின் உடைந்த வளையல் கிளியானது. மல்லிகைக்குத்தான் வெள்ளை கிடைக்கவில்லை. கோழி கொடுத்த முட்டை ஓடு பழுப்பாக இருந்தது.

"உன் முட்டை பளிச்சுன்னு இருக்கே தாயி," என்றான் மரங்கொத்தியிடம்.

"பிள்ளை வெளியே வரட்டும் அண்ணே. அந்த ஓடு உங்களுக்குத்தான். எனக்கு எதுக்கு அது?"

"மெதுவாப் பேசு, கோழி கேட்டா கோவிச்சுக்குவா," என்று பூரணம் சிரித்தாள்.

ஆனால் புளியங்கொட்டைப் பசையை அவன் முன்கூட்டியே காய்ச்சிவிட்டான். வைத்திருந்தால் கெட்டுவிடும், ஒட்டாது. கெட்டால் என்ன, இன்னொரு முறை காய்ச்சலாம், அவ்வளவுதான் வேலை. அதற்குச் சோம்பல்பட்டு, மரங்கொத்தி இரை தேடப் போன நேரத்தில் ஏணி வைத்து ஏறினான். முட்டையை உடைத்தான். உள்ளே குஞ்சுக்கு அலகு முளைத்திருந்தது. அதை வேலியோரம் புதைத்துவிட்டு, முட்டையோட்டைக் கழுவி அவசரமாகப் பதித்தான்.

கூமுட்டை என்று நினைத்தானாம். பிற்பாடு சொல்லிக்கொண்டது. உடைத்த கைக்குத் தெரியாதா?

மரங்கொத்தி திரும்பி வந்தது. கூடு வெறுமையாகக் கிடந்தது. தொட்டிலில் மல்லிகை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

"அண்ணே, என் பிள்ளை எங்கே?"

சங்கிலி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. "பொரிச்சிருச்சு தாயி. பொரிச்சு... மரத்துக்குள்ளே போயிருச்சு."

அண்ணன் என்று கூப்பிட்டவனை நம்பாமல் என்ன செய்யும்? மல்லிகையை அலகால் மெல்லத் தட்டியது. ஓட்டின் அடியில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. 'டொக்' என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

"கூப்பிடுது அண்ணே! உள்ளேதான் இருக்கு!"

கொத்தியது. ஓடு சிதறியது. பலகை பிளந்தது. உள்ளேயும் மரம்தான் இருந்தது.

"வேற மரத்துக்குப் போயிருக்கும்," என்றது.

வேலியோரத்துப் புதுமண்ணைப் பூரணம் பார்த்திருந்தாள். "உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் குனிந்து சிதறிய ஓட்டைப் பொறுக்கத் தொடங்கினான். மரங்கொத்தி பறந்துவிட்டது.

அன்று முதல்தான் அது மனிதர் வீட்டை விட்டு மரம் மரமாகத் தட்டிக்கொண்டு திரிகிறது. தட்டிவிட்டுச் சற்று நிறுத்திக் காது கொடுக்கிறது. எந்த மரத்தைத் தட்டினாலும் உள்ளிருந்து ஒரு சத்தம் வந்துவிடுகிறதே!