சிப்பித்தீவு வல்லரசான வரலாறு

சிப்பித்தீவை வெள்ளைக்காரத் துரை நூற்றுப் பத்து வருஷம் ஆண்டார். உண்மையில் அடுத்தடுத்து பதினாலு துரைகள். தீவுக்காரர்கள் ஒரே ஆள் என்றுதான் நினைத்திருந்தார்கள். கடைசித் துரை கப்பலேறும்போது, "இனிமேல் நீங்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நின்றார்கள். மூன்று நாள் ஒருவரும் உட்காரவில்லை. நாலாம் நாள் தலைவர் உடையப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"படுத்தா சுதந்திரம் போயிடுமா?"

"சொந்த முதுகுல படுத்தா போகாது" என்றார் திருமலைக்கொழுந்து.

இந்த ஒரு பதிலுக்காக அவரை வெளியுறவு மந்திரி ஆக்கினார்கள். அன்றோடு அவர் வீட்டு வாழ்க்கை போயிற்று. வெளியுறவு மந்திரி உள்ளே இருக்கலாமா? கட்டிலைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டார். மனைவி சொர்ணத்தாய் ஜன்னல் வழியாகச் சோறு நீட்டினாள். மழை நாளில், "ஓரமாவாவது உள்ள வாங்களேன்" என்று கெஞ்சுவாள்.

"நாடு என்னத்துக்காகும் சொர்ணம்?" என்று தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொள்வார். அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட முடியவில்லையே என்ற ஏக்கம் மட்டும் உள்ளூர இருந்தது.

இப்படியிருக்க, கோட்டைநாடு என்ற பெரிய நாட்டிலிருந்து கடிதம் வந்தது. 'நடுக்கடல் மணல்திட்டை ஏழு நாளில் விட்டுத் தராவிட்டால் எங்கள் படை உங்கள் மண்ணுக்கு வரும்.'

உடையப்பன் முகம் வெளிறியது. "படை பொல்லாத வியாதியாச்சே! எங்கப்பா இடுப்புல வந்து நாலு வருஷம் சொறிஞ்சார்."

"மண்ணுக்குத்தானே வரும்னு எழுதியிருக்கான்?" என்றார் கொழுந்து.

"மண்ணுல நாமதானய்யா நிக்கிறோம். கால் வழியா ஏறிடும்."

கொழுந்து கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல மனுஷன். மருந்து அரைக்க ஏழு நாள் கொடுத்திருக்கான்."

தீவே கூடி சீமை அகத்தி இலையை எண்ணெய் விட்டு அரைத்தது. பதினோரு பானை நிறைந்தது.

ஏழாம் நாள் ஐந்து கப்பல்கள் வந்தன. தளபதி வாளோடு கரையில் குதித்தார். கொழுந்து பானையோடு முன்னால் போனார்.

"எங்கெங்க இருக்குன்னு கூச்சப்படாமச் சொல்லுங்க."

"என்னது?"

"படைதான்."

ஐந்து நாள் ஈரத் துணியோடு கப்பலில் கிடந்த சேனை. இடுப்பிலிருந்து கழுத்துவரை நிஜமாகவே படை. தளபதி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "முதுகுல எட்டமாட்டேங்குது."

தடவியதும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிப்பாய்கள் துப்பாக்கியை மணலில் போட்டு வரிசையில் நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் மணல்திட்டோடு தங்கள் நாட்டுத் தீவுகள் மூன்றைச் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பானை மருந்தோடு திரும்பிப் போனார்கள்.

வெறுங்கையால் ஒரு சேனையையே தோற்கடித்தவர்கள் என்று உலகம் மிரண்டது. உலக சபை கூடி சிப்பித்தீவை வல்லரசு என்று அறிவித்தது. சபைத் தூதர் வந்து கொழுந்தின் கையைக் குலுக்கினார்.

"ஐயா, இனிமே நீங்க சபைக்கு வீட்டோவோட வரலாம்."

கொழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிச் சொர்ணத்தாயைப் பார்த்தார். "வீட்டோடயா?"

"ஆமாங்க. வல்லரசுங்க எல்லாரும் அப்படித்தான்."

அஸ்திவாரத்தோடு வீட்டைப் பெயர்த்துப் பன்னிரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி ஏற்றினார்கள். உள்ளே சொர்ணத்தாய் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். கூரைமேல் மந்திரி. முன்படகில் தலைவர்.

சபைக்குப் போய்ச் சேர்ந்தால், வாசல் ஆறடி, வீடு இருபதடி. தலைவரும் மந்திரியும் வெகு நேரம் ஆலோசித்தார்கள்.

"வீட்டைச் சபைக்குள்ள கொண்டுபோக முடியாதுன்னா, சபையைத்தான் வீட்டுக்குள்ள கொண்டுவரணும்" என்றார் கொழுந்து.

சாயங்காலத்துக்குள் பாதி சபையைப் பிரித்து ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டார்கள். மீதிக்குப் பரணில் இடம் இருக்குமா என்று சொர்ணத்தாய் ஏணி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.