ஒற்றைக்கால் சாமி

"ரெண்டாவது படகை எனக்கு எப்போ தரப்போறீங்க, குருவே?" என்று கேட்டார் காத்தவராயன்.

ஜெயசீலி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவளிடம் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்றில், பறவை பார்க்க வருகிறவர்களை ஏரிக்குள் கூட்டிப்போவாள். மற்றது இன்ஜின் இல்லாதது. கரையில் கவிழ்ந்து கிடந்தது. "பறவை காட்டக் கத்துக்கங்க, அப்புறம் அது உங்களுது" என்று முதல் மழையின்போது சொல்லியிருந்தாள். பறவைகள் வந்திறங்கிய சமயம் அது. இப்போது அவை திரும்பிப்போகும் காலம்.

காத்தவராயன் அதற்குமுன் மீன் ஏலம் விட்டவர். வியாபாரிகளோடு சண்டை போட்டுக்கொண்டு, "இனிமே இந்தப் படி ஏறினா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தவர். சொன்ன வாயோடு திரும்பிப்போக முடியாது. படகு கிடைத்தால் பிழைப்பு. கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை.

அவரைவிட ஜெயசீலி ரொம்பச் சின்னவள். விளையாட்டாகத்தான் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தார். நாளாக நாளாக விளையாட்டு தேய்ந்து குரு மட்டும் மிஞ்சியது.

"சொல்லுங்க. என் வாய்க்குத்தானே இங்கே ஆள் வருது?"

"ஆமாண்ணே."

"பக்கத்துப் படகுக்காரன் வயிறு எரியறானா இல்லையா?"

"எரியறான்."

"அப்புறம் இன்னா?"

"நீங்க இன்னும் ஒரு பறவையைக்கூடக் காட்டலை."

காத்தவராயனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பூநாரை காட்டினேன். கூழைக்கடா காட்டினேன். ஆலா, உள்ளான், வாத்து அத்தனையும் காட்டினேன். இன்னும் எதைக் காட்டணும், கருடாழ்வாரையா?"

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் நான் பேசறேன். நீங்க கழி பிடிங்க."

"நீங்களா? பேசுவீங்களா?"

அவள் கயிற்றைப் படகுக்குள் எறிந்தாள்.



எப்போதும் காத்தவராயன்தான் படகின் முன்னால் நின்று பேசுவார். ஆட்களுக்கு முகம், பறவைகளுக்கு முதுகு. ஜெயசீலி பின்னால் நிற்பாள். ஆழமில்லாத இடம் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழி ஊன்றுவாள்.

மறுநாள் இடம் மாறி நின்றார்கள்.

வந்தவர்கள் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். புது மாப்பிள்ளை, பெண், மாப்பிள்ளையின் மாமா, இரண்டு மூன்று அத்தைகள்.

ஜெயசீலி தொண்டையைச் செருமினாள். அது காத்தவராயனின் செருமல்.

"வாங்கய்யா வாங்க! பாஸ்போர்ட் இல்லாம வந்த விருந்தாளி, டிக்கெட் எடுக்காமப் போற விருந்தாளி! அதோ கூழைக்கடா. சீர் வாங்க வந்த சம்பந்தி மாதிரி பையோட வந்திருக்கு பாருங்க!"

அத்தைகள் மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

காத்தவராயனும் முதலில் சிரித்தார். பிறகு காது சுட்டது. ஒரு சொல் பிசகவில்லை. கைதட்டலுக்காக அவர் நிறுத்தும் இடத்தில் அவளும் நிறுத்தினாள். கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அதுவும் பழகிவிட்டது. வாய்க்கு வேலை இல்லை. கண் மட்டும் சும்மா ஏரியில் அலைந்தது.

சேற்றுத்திட்டு வந்தது. கணுக்கால் தண்ணீரில் பூநாரைகள் நின்றன. கூட்டத்தைவிட்டுத் தள்ளி, முறிந்த வலைக்கம்பின் பக்கத்தில் ஒன்று தனியாக நின்றது. சாமி. காத்தவராயன் வைத்த பெயர். ஒவ்வொரு சவாரியும் சாமியிடம்தான் முடியும். அவர் சொல்லாமலே ஜெயசீலி அங்கே படகை நிறுத்துவாள். இன்று அவர் நிறுத்தினார்.

"இதோ நம்ம சாமி! ஒத்தைக்கால்ல தவம்! யாரைக் குறிச்சு? ஒரே ஒரு இறாலைக் குறிச்சு! கையெடுத்துக் கும்பிடுங்க. புதுசாக் கட்டிக்கிட்டவங்க ரெண்டு தரம் கும்பிடுங்க!"

மாப்பிள்ளை இரண்டு தரம் கும்பிட்டான். பெண் அவன் தோளில் அடித்தாள்.

அப்போது தென்காற்று எழுந்தது. பூநாரைக் கூட்டம் கிளம்பியது.

பூநாரை நின்ற இடத்திலிருந்து அப்படியே எழும்பாது. தண்ணீர்மேல் ஓடும். ஓடி ஓடி, அந்த ஓட்டத்தின் முனையில்தான் மேலே போகும். ஒன்று ஓடியது. பத்து ஓடின. பிறகு ஏரியே ஓடியது. தண்ணீரில் கால்கள் அடிக்கிற சத்தம் மழை போலக் கேட்டது. சிவப்பும் கறுப்புமாகச் சிறகுகள் விரிந்து, தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கே திரும்பின.

சாமியும் ஓடப் பார்த்தது.

ஒரு தத்து. விழுந்தது. சிறகை அடித்து எழுந்தது. இன்னொரு தத்து. கழுத்தோடு சேற்றில் போய்க் குத்தியது.

காத்தவராயன் மற்றக் கால் இறங்கும் என்று காத்திருந்தார்.

இறங்கவில்லை.

மடக்கியிருப்பதாக அவர் நினைத்த இடத்தில் விரல் நீளத்துக்கு அறுபட்ட காலின் கட்டை மட்டும் இருந்தது. அதில் நீல நைலான் வலை நரம்பு தொங்கியது.

"சாமிக்கு ஊருக்குப் போக மனசில்லை!" என்றாள் ஜெயசீலி, பறவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "நம்ம ஊர் இறால் ருசி அப்படி!"

அதுவும் அவருடையதுதான். முதல் பறவைக் கூட்டம் கிளம்பிய நாளிலிருந்து, அதே இடத்தில், அதேபோல் முதுகைக் காட்டிக்கொண்டு அவர் சொல்லிவந்தது.

படகு குலுங்கச் சிரித்தார்கள்.

நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தார். மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். வரவில்லை. கழியால் பலகையில் ஓங்கி அடித்தார். கழிமுனையால் காட்டினார்.

ஜெயசீலி திரும்பினாள்.

இதற்காகத்தான் காத்திருந்தேன் என்கிற முகத்தை அவர் எதிர்பார்த்தார். அவள் முகம் அப்படி இல்லை. அடுத்த வேடிக்கையின் பாதி வாய்க்குள் இருக்க, வாய் திறந்தபடி நின்றாள்.

சாமி மறுபடி விழுந்தது.

"அடுத்தது என்னம்மா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.



கரையில் இறங்கும்போது மாமா சொன்னார். "அந்தச் சாமி ஜோக் பிரமாதம்மா."

அவர்கள் போனார்கள்.

"சீலி." குருவே என்று வாயில் வரவில்லை. "உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தினம் அங்கேதானே நிறுத்தினே?"

"அங்கேதான் எல்லாரும் சிரிப்பாங்க. நானும் உங்களைப் பாத்துச் சிரிச்சேன்."

"நீ நிக்கற இடத்துல நின்னுதான் நான் இன்னிக்குப் பாத்தேன்."

"அதான்" என்றாள். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

காத்தவராயன் விடவில்லை.

"ஒரு பறவையைக்கூடக் காட்டலைன்னியே நேத்து. எதை நினைச்சுச் சொன்னே?"

அவள் படகுக் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

"நீங்க ரொம்பப் பேசறீங்கன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

கடைசிச் சவாரிக்கு வந்தவர்கள் தாங்களாகவே இன்ஜின் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "எப்பம்மா கிளம்பும்?" என்று ஒருவர் கூப்பிட்டார். அவளுக்குக் கேட்கவில்லை. கவிழ்ந்து கிடந்த படகின் விளிம்புக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

"பிடிங்க."

புரட்டினார்கள். உள்ளேயிருந்து நண்டுகள் சிதறி ஓடின. தண்ணீர்வரை தள்ளினார்கள். அவள் ஒரு பழைய போர்வையையும் கத்தியையும் உள்ளே போட்டாள்.

"கிட்டப் போனா சாமி மறுபடி ஓடப் பாக்குமே" என்றார் காத்தவராயன்.

"பாக்கும்."

"விழுமே."

"விழும்."

"போய் இன்னா செய்யறது?"

"தெரியாது."

கழியை அவர் கையில் கொடுத்தாள். தான் முன்னால் போய், ஆட்கள் உட்காரும் பலகையில், ஏரியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"காட்டுங்கண்ணே" என்றாள்.