ஒற்றைக் கடுக்கன்

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். இது ஒரு காதைப் பற்றிய கதையும்கூட.

வளநாட்டு அரசருக்கு ஒரு மனக்குறை. மலைக்கோயிலுக்குப் போகும் வெளியூர்க்காரர்கள் அவர் நாட்டின் வழியாகத்தான் போனார்கள். ஆனால் நின்று ஒரு வாய் சோறு தின்றவர் குறைவு. தங்கினால் அல்லவா ஊருக்குப் பிழைப்பு! தங்க வைக்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, வயலும் வாய்க்காலுமான ஏர்க்கூற்றம். அதை ஒட்டிக் கடலோரத்தில் கழிக்கூற்றம். கஜானாவோ ஒரு பாதைக்கும் ஒரு சத்திரத்துக்கும்தான் தாங்கும்.

"ஒருமுறை போனவன் மறுபடியும் போக ஏங்கும் இடம் எது? பார்த்து வந்து சொல்லுங்கள்" என்று சாத்தன், சேந்தன் என்னும் இரண்டு அதிகாரிகளை அனுப்பினார். கூடவே மந்திரி ஒரு விதியை நினைவூட்டினார். நிலம் அளக்கப் போகிறவர்களுக்காக எந்தக் காலத்திலோ போட்ட விதி அது: பார்க்கப் போன இடத்தில் தனக்கென்று ஆசை வைத்தவன் சொல் சபையில் செல்லாது.

ஏர்க்கூற்றத்துக்கு நல்ல வண்டிப்பாதை இருந்தது. அலுங்காமல் போய் இறங்கினார்கள். கரும்புச்சாறு, தேர்த்திருவிழா, வாழையிலை நிறைய விருந்து. வருஷா வருஷம் தேருக்கு வரும் குடும்பங்களையும் பார்த்தார்கள். சாத்தன் அங்கே புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டான்.

கழிக்கூற்றத்துக்கு அப்படிப் போக முடியாது. இடையில் சேறும் நீருமாகப் பெரிய கழி. வருஷத்தில் கோடை இரண்டு மாதம்தான் இறங்கி நடக்கலாம். முழங்கால் சேற்றோடு வந்து நின்றவர்களுக்கு உப்பளக்காரி நாச்சி தன் வீட்டில் இடம் கொடுத்தாள். மீன் குழம்பு சுமார்தான். கோபுரமும் இல்லை, தேரும் இல்லை. ஆனால் மாலையில் உப்புப் பாத்திகளில் வானம் இறங்கிப் படுத்திருந்ததைச் சேந்தன் பார்த்தான். பாத்தி ஓரமாக நாச்சி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்ததையும் பார்த்தான். மனைவி இறந்தபின் எந்த ஊரிலும் அவனுக்கு இப்படி நெஞ்சு அடங்கி உட்காரத் தோன்றியதில்லை.

புறப்படும்போது நாச்சி வாசலை மறித்தாள்.

"அரண்மனைக்காரவுகளே, எங்க ஊர்ல விருந்தாளியைப் போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டோம். ஜோடியா இருக்கிற பொருள்ல ஒண்ணை விட்டுட்டுப் போகணும். ஒண்ணு எங்ககிட்ட, ஒண்ணு உங்ககிட்ட. அதுங்க ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்கட்டும்."

"திரும்பி வந்தால்?"

"வந்தவுக கையிலதான் கொடுப்போம். ஆள்கிட்ட அனுப்ப மாட்டோம்."

அண்ணாந்து பார்த்தார்கள். சுவர் முழுக்க முளைக்குச்சிகள். ஒற்றைச் சிலம்பு, ஒற்றை வளையல், ஒரு குழந்தையின் ஒற்றைக் காப்பு. காலிக் குச்சி தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஊரில் எந்த வீட்டிலும் இதே கதைதான்.

சாத்தன் மூட்டையிலிருந்து வார் அறுந்த பழைய செருப்பில் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு முதலில் வெளியேறினான். பின்தங்கிய சேந்தன் எதை விட்டான் என்று சாத்தன் பார்க்கவில்லை.

அரண்மனைக்குத் திரும்பிய பிறகு சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. மழை பெய்தால் உப்பு கரைந்துவிடுமே என்று கவலைப்பட்டான். நாச்சி எதை முணுமுணுத்தாள் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று ஏங்கினான். கோடை இரண்டு மாதமும் அரண்மனைக் கணக்கு முடிக்கும் காலம், விடுப்புக் கிடையாது. பாதை வந்தால் ஒழிய அவன் அந்த ஊரை இனிக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

சபை கூடியது. சாத்தன் எழுந்தான்.

"அரசே, ஏர்க்கூற்றத்துக்கு வந்தவர்கள் மறுபடியும் வருகிறார்கள். கண்ணால் கண்டேன். கழிக்கூற்றத்திலோ விட்டுப்போன பொருள்கள் சுவர் கொள்ளாமல் தொங்குகின்றன. எடுத்துப்போக எவனாவது வந்திருந்தால் குச்சிகள் காலியாக இருக்குமே? ஏர்க்கூற்றத்து வண்டிப்பாதையையே பெரும்பாதையாக்கிச் சத்திரமும் அங்கேயே கட்டுங்கள்."

சபை தலையாட்டியது. அரசர் சேந்தனைப் பார்த்தார். அவன் வலது கை காதைப் பொத்தியபடி இருந்தது.

"காதில் என்ன?"

அந்தக் கணத்தில் பொய் சொல்லியிருக்கலாம். காது வலி என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? பாதையும் கிடைத்திருக்கலாம். சேந்தன் கையை எடுத்தான். இடது காதில் கடுக்கன் மின்னியது. வலது காது வெறுமையாக இருந்தது.

"அரசே, என் மனைவி ஆசையாய்ப் போட்டுவிட்ட கடுக்கன். அதில் ஒன்றைக் கழிக்கூற்றத்தில் விட்டுவிட்டேன். அங்கே திரும்பிப் போக எனக்கு ஆசை, அடக்க முடியாத ஆசை. அதனால் என் சொல் செல்லாது. மன்னித்துவிடுங்கள்."

"செல்லாதுதான். விதி விதிதான்" என்றார் மந்திரி.

சேந்தன் தலைகுனிந்து உட்கார்ந்தான். வாய்திறந்து பாதையையும் இழந்தோமே என்று அவன் நெஞ்சு வெந்தது.

இப்போது சொல்லுங்கள். நிறைந்த சுவரைக் காட்டிய சாத்தன், வெறுங்காதைக் காட்டிய சேந்தன், விதியைக் காட்டிய மந்திரி: இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்? அரசர் பாதையை எங்கே போடவேண்டும்?

விடை: கழிக்கூற்றத்துக்குத்தான். சாத்தன் கண்டது மெய், கணக்கிட்டது தப்பு. திரும்பி வர எண்ணாதவன் அறுந்த செருப்பை விடுவான். சாத்தன் விட்டது அதைத்தான். பிள்ளையின் காப்பை விட்டுப் போனவர்கள் வர மனமில்லாமலா இருந்தார்கள்? வழியில்லாமல் இருந்தார்கள். ஏர்க்கூற்றத்துக்குப் போக நினைப்பவனைத் தடுக்க அங்கே கழி இல்லை. மந்திரியின் விதி நிலம் அளப்பதற்குச் சரி. அரசர் அளக்கச் சொன்னது ஏக்கத்தை. அதற்கு ஏங்கியவனைவிட நல்ல சாட்சி உண்டா? அரசரும் அப்படியே தீர்ப்புச் சொன்னார்.

பாதை போட்டு முடிந்ததும் முதல் ஆளாய்ப் போய் நின்றான் சேந்தன். கடுக்கனைக் கேட்டான். கொடுத்தால் போய்விடுவானே என்று நாச்சிக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எங்கேயோ வச்சேன், தேடணும். நாலு நாள் ஆகும், உட்காருங்க" என்றாள். கடுக்கன் அவன் தலைக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருந்தது. சேந்தன் உட்கார்ந்தான், அண்ணாந்து பார்க்கவில்லை.