யாரும் சொல்லாத வாக்கியம்

ஜெர்மன் தத்துவ வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர் பேராசிரியர் வேதரத்தினம். யார் எதைச் சொன்னாலும், "இதை ஜெர்மனியில அப்பவே சொல்லியாச்சு" என்பார்.

ஆய்வு மாணவி முத்துப்பேச்சிக்கு அன்று அவரிடம் வாய்மொழித் தேர்வு. அரங்கம் நிறைய ஆசிரியர்கள்.

"இதுவரை யாருமே சொல்லாத ஒரு வாக்கியம் சொல்லும்மா. அப்பத்தான் பட்டம்."

"பசிக்குது சார்."

"அதை அங்க மூணு பேர் சொல்லிட்டாங்க."

"அப்போ இது சார்: பேராசிரியர் வேதரத்தினத்துக்கு ஒண்ணும் தெரியாது."

"இதை ஜெர்மனியில..." என்று தொடங்கிய பேராசிரியர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பழசு என்று சொன்னால் தன் மானமே போய்விடும்.

"புதுசுதான்! எவனும் சொன்னதில்லை!" என்று கையெழுத்துப் போட்டார்.

அரங்கில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"அநியாயம் சார்! அதை முதல்ல சொன்னது நான்!"

"உனக்குச் சொன்னதே நான்தான்யா!"

பேராசிரியர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "சத்தம் போடாதீங்க. ஒவ்வொருத்தரா வந்து, எந்த வருஷம் சொன்னீங்கன்னு சொல்லுங்க."