பெருச்சாளி இறக்கிவைத்த கோடு

ஏரிக்கரைக்குக் கீழே தொந்தியப்பன் என்ற பெருச்சாளி தானியக் கிடங்கு வைத்திருந்தது. கிடங்கு என்றால் என்ன, ஒரு பெரிய வளைதான். காட்டிலிருக்கும் மைனாக்களும் காடைகளும் எலிகளும் அடைமழைக்கு வேண்டிய தினையை அங்கே கொண்டுவந்து போடும். காவல் கூலியாக அதில் ஒரு பங்கு தொந்தியப்பனுக்கு. அந்தப் பங்கெல்லாம் எங்கே போகிறது என்பது அதன் வயிற்றைப் பார்த்தாலே தெரியும்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வளைகளுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்தால், கொடுக்கன் என்ற நண்டு ஒவ்வொரு வளையாகப் போகும். தண்ணீர் எதுவரை நின்றதோ அங்கே சுவரில் ஒரு கோடு கீறிவிட்டு வரும். தானியம் வைக்கப் பரண் கட்டுகிறவர்கள் அந்தக் கோட்டுக்கு மேலே நாலு விரல் விட்டுத்தான் கட்டுவார்கள்.

தொந்தியப்பனின் கிடங்கில் கோடு அதன் காது உயரத்தில் இருந்தது. போதாக்குறைக்குப் பழைய பரணைக் கரையான் தின்றுவிட்டது. உள்ளே வந்தவர்கள் கோட்டை அண்ணாந்து பார்த்தார்கள். "அடேயப்பா, இவ்வளவு தண்ணியா?" என்று கேட்டுவிட்டு, மேட்டிலிருந்த முயலின் கிடங்குக்குப் போய்விட்டார்கள். தொந்தியப்பனுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து, அது செம்மண்ணைக் குழைத்துக் கோட்டின்மேல் பூசியது. கோடே இல்லையென்றால் சந்தேகப்படுவார்கள் அல்லவா? அதனால் தன் கணுக்கால் உயரத்தில் நகத்தால் புதிதாக ஒன்றைக் கீறியது. பழசாகத் தெரிவதற்குக் கொஞ்சம் புழுதியையும் தேய்த்தது. திருட்டு வேலையில் எவ்வளவு அக்கறை பாருங்கள்!

மறுநாள் புள்ளியம்மா என்ற காடை வந்தது.

"அண்ணே, நான் அடைக்கு உட்காரப் போறேன். உட்கார்ந்துட்டா இரை தேடப் போக முடியாது. இந்தத் தினைதான் எனக்குச் சாப்பாடு. நனையாம இருக்குமா?"

"கோட்டைப் பாரு தங்கச்சி. போன வெள்ளத்துல என் கால்கூட முழுசா நனையல."

காடை குனிந்து பார்த்தது, நம்பியது. நாளெல்லாம் அலைந்து பொறுக்கிய தினையைக் கொட்டிவிட்டுப் போனது. சேதி பரவியதும் முயலிடம் போனவர்களும் திரும்பி வந்தார்கள். "மேலே இருந்த கோடு எங்கே?" என்று கேட்டவர்களிடம், "அது கரையான் அரிச்ச தடம், பூசிட்டேன்" என்று பெருச்சாளி சமாளித்தது. தொந்தியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி பிறந்ததும் பரண் கட்ட வரியன் என்ற அணில் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கிடங்கில் நல்ல கூட்டம். வரியன் கீழ்க்கோட்டுக்கு மேலே நாலு விரல் வைத்து அளந்தது.

"பரண் இங்கே வரும். சரிதானே?"

தொந்தியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கொஞ்சம் உசத்திக் கட்டேன். காது உயரத்துக்கு."

"கணுக்கால் தண்ணிக்குக் காது உயரத்துல பரணா? எதுக்கு?"

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. "ஏண்ணே, தண்ணி அதுக்கு மேலயும் வருமா?" என்று காடை தலையைச் சாய்த்துக் கேட்டது.

"சேச்சே, பார்க்க லட்சணமா இருக்குமேன்னு சொன்னேன். நீ அங்கேயே கட்டுப்பா."

ஆளில்லாதபோது நாமே உயர்த்திக்கொள்ளலாம் என்று தொந்தியப்பன் மனசுக்குள் சொல்லிக்கொண்டது. மறுநாள் ஆள் இருந்தது. அதற்கு மறுநாள் விருந்து. அதற்கும் மறுநாள் தூக்கம். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் விடாமல் ஊற்றியதில் ஏரி நிரம்பி, வளைக்குள் தண்ணீர் புகுந்தது. கணுக்காலைத் தாண்டியது. பரணைத் தாண்டியது. தொந்தியையும் தாண்டியது. தொந்தியப்பன் மூட்டைகளை முதுகில் தாங்கிப் பிடித்துப் பார்த்தது. காது நனைந்ததும் போட்டுவிட்டு நீந்தி ஓடியது.

வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் வந்தார்கள். தினையெல்லாம் ஊறிப் புளித்து நாறியது. கொடுக்கன் கோடு கீறச் சுவரில் ஏறியது. கொடுக்கைத் தூக்கியது, அப்படியே நின்றுவிட்டது.

"எனக்கு இங்கே வேலையில்லை. போன தடவை நான் போட்ட கோட்டுலேயே தண்ணி நின்னிருக்கு."

பூசிய செம்மண்ணை வெள்ளம் சுத்தமாகக் கழுவிவிட்டிருந்தது. காது உயரத்தில் பழைய கோடு பளிச்சென்று தெரிந்தது.

"அப்போ கீழே இருக்கிறது?" என்று வரியன் கேட்டது.

"நான் கொடுக்கால கீறினா ரெட்டைக் கோடா விழும். இது யாரோ நகத்தால கீறினது."

எல்லோரும் தொந்தியப்பனின் நகத்தைப் பார்த்தார்கள். அது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. திட்டித் தீர்த்துவிட்டு ஒவ்வொருவராக இரை தேடப் போனார்கள். காடை மட்டும் போகவில்லை.

"அண்ணே, எட்டு முட்டை வச்சிருக்கேன். இரை தேடப் போனா அதுங்க குளிர்ந்து கெட்டுப்போகும். போகலன்னா நான் செத்துப்போவேன். நீங்களே சொல்லுங்க, எதைச் செய்யட்டும்?"

தொந்தியப்பனுக்கு அழுகை வந்தது. "நீ போய் உட்காரும்மா. உனக்குச் சாப்பாடு போடறது என் பொறுப்பு" என்றது.

அன்றிலிருந்து அது மேட்டுக்குப் போய் முயலின் கிடங்கில் மூட்டை சுமந்தது. கிடைத்த தினையைத் தான் ஒரு வாய்கூடத் தின்னாமல் காடையிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. தனக்கு ஊறிப்போன தினையைத் தின்றுகொண்டது. எட்டுக் குஞ்சும் பொரிந்த அன்று அதன் தொந்தியைக் காணோம்.

மறுபடி பரண் கட்ட வந்த வரியன், "எந்தக் கோட்டுக்குக் கட்டட்டும், மேலேயா கீழேயா?" என்று சிரிக்காமல் கேட்டது. தொந்தியப்பன் ஏணியைத் தூக்கிவந்து மேல்கோட்டின் கீழே வைத்தது.

வரப்போகும் ஆபத்தை ஊருக்குக் குறைத்துக் காட்டுகிறவன், அதிலிருந்து தப்பும் வழியைத் தனக்கும் சேர்த்தே அடைத்துக்கொள்கிறான்.